மனதுருகி

கிறிஸ்தவத்தைப் பத்தி என்ன எழுதினாலும் ரெண்டு பேர் உடனே வந்துடுவாங்க. "ஆரம்பிச்சுட்டான்யா மதம் மாத்துற வேலையை" என்பார் ஒருத்தர். "நீரெல்லாம் ஒரு விசுவாசியா?" என்பார் இன்னொருத்தர். ரெண்டு பேரும் கொஞ்சம் உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடிங்க. இது பிரசங்கம் இல்லை. பைபிளில் வரும் ஒரே ஒரு வார்த்தையைப் பத்தியும், எங்க அம்மா செஞ்ச ஒரு காரியத்தைப் பத்தியும் ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க :)

முதல்ல வார்த்தை.

சண்டே ஸ்கூல் காலத்துல நாங்க படிச்ச பழைய மொழிபெயர்ப்பு பைபிளில், இயேசு யாரையாவது பார்த்து இரக்கப்படுற இடங்களில் "மனதுருகி" என்ற வார்த்தை திரும்பத் திரும்ப வரும். நாயீன் ஊர் விதவை, இருந்த ஒத்தைப் பிள்ளையையும் பறிகொடுத்துட்டுப் பாடையோட அழுதுக்கிட்டுப் போறா. அங்கே வரும். குஷ்டரோகி ஒருத்தன் முன்னால வந்து முழங்கால் போடுறான். அங்கேயும் வரும். இயேசு சொன்ன கதைகளிலும் அதே வார்த்தைதான். சொத்தைப் பிரிச்சு வாங்கிட்டுப் போய் எல்லாத்தையும் தொலைச்சுட்டு வர்ற இளைய மகனை அப்பன் தூரத்திலேயே பார்த்து மனதுருகுறான். எரிகோ போற வழியில குத்துயிரும் குலையுயிருமா கிடக்கிறவனைப் பார்த்து சமாரியன் மனதுருகுறான்.

1995இல் வந்த திருவிவிலியத்தில் பல இடங்களில் இதைப் "பரிவு" என்று மாத்திட்டாங்க. நல்ல தமிழ்தான், குத்தம் சொல்லல. ஆனா எனக்கென்னவோ பரிவு என்றால் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கு. உருகுறதுன்னா அப்படி இல்ல. மெழுகு உருகினா பழைய உருவத்துக்குத் திரும்பி வர்றதில்ல.

கிரேக்க மூலத்தில் இருக்கிற வினைச்சொல் இன்னும் பச்சையானது. குடல், ஈரல்னு வயித்துக்குள்ள இருக்கிற உறுப்புகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த வினை அது. எபிரேயத்தில் இரக்கத்துக்கு இருக்கிற ஒரு சொல்லுக்கும் கர்ப்பப்பைக்கான சொல்லுக்கும் வேர் ஒண்ணு. இதைப் புரிஞ்சுக்க நமக்குக் கிரேக்கமும் வேண்டாம், எபிரேயமும் வேண்டாம். "பெத்த வயிறு பத்தி எரியுது"ன்னு நம்ம ஊர்ல எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லுவாங்க. இரக்கம் நெஞ்சுல வர்றதா கவிஞர்கள் சொல்லிக்கலாம். வர்ற இடம் வயிறுதான்.

நான் கவனிச்ச இன்னொரு விஷயம், இந்த வார்த்தைக்குப் பிறகு எல்லா இடத்திலும் ஒரு கை நீளுது. நாயீனில் இயேசு போய் பாடையைத் தொடுறார். குஷ்டரோகியைத் தொடுறார். அப்பன் ஓடிப்போய் மகனைக் கட்டிப்பிடிக்கிறான். சமாரியன் காயத்துல எண்ணெயும் திராட்சரசமும் ஊத்திக் கட்டி, தன் கழுதையில ஏத்தி, சத்திரக்காரன் கையில ரெண்டு பணம் கொடுக்கிறான். அந்தக் காலத்துல அது ரெண்டு நாள் கூலி. மேல ஆகுற செலவைத் திரும்பி வரும்போது தர்றேன்னு சொல்லிட்டு வேற போறான். கணக்கை மூடாமலே போறான், பாருங்க. அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

சும்மா தொடுறதும் இல்ல. மோசேயின் சட்டப்படி பிணத்தைத் தொட்டவனுக்குத் தீட்டு. குஷ்டரோகி ஊருக்கு வெளியே தனியா இருக்கணும். அதனால கை நீட்டுறவனுக்கு ஒரு நஷ்டம் நிச்சயம் உண்டு. சமாரியன் கதையில முதலில் விலகிப் போன ஆசாரியனையும் லேவியனையும் பிரசங்கியார்கள் வில்லன்களாகவே ஆக்கிடுவாங்க. எனக்கு அப்படித் தோணல. ஆசாரியன் நெருங்கின ரத்த சொந்தம் தவிர வேற பிணத்தைத் தொடக்கூடாதுன்னு சட்டத்திலேயே இருக்கு. கிடந்தவன் செத்துட்டானோன்னு நினைச்சிருக்கலாம். ரெண்டு பேரும் சட்டம் தெரிஞ்ச, ஊர்ல மரியாதை உள்ள மனுஷங்க. நம்மளை மாதிரி.

சரி, இப்ப அம்மா கதை.

1998. பாளையங்கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி எங்க ஊர். அம்மா ஆரம்பப் பள்ளி டீச்சர். அப்பா எங்க சபைக் கமிட்டியில ஒரு உறுப்பினர். அதிகம் பேச மாட்டார். தெருக்கோடியில ஒரு டிரைவர் அண்ணாச்சி குடும்பம். நேஷனல் பெர்மிட் லாரி ஓட்டுனவர். வடக்கே போனா மாசக்கணக்குல வர மாட்டார், வந்தா தெருப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஆரஞ்சு. அந்த வருஷம் வந்தவர் திரும்பப் போகல. முப்பத்தஞ்சு வயசு ஆளு, அறுபது வயசு மாதிரி ஒடுங்கிட்டார். அவருக்கு என்னன்னு யாரும் வாய்விட்டுச் சொல்லல. ஆனா ஊருக்கே தெரிஞ்சுடுச்சு.

'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' விளம்பரம் ஞாபகம் இருக்கா? அதெல்லாம் வர்றதுக்கு முன்னாடி. சுவத்துல மண்டையோடு போட்டு 'உயிர்க்கொல்லி'ன்னு எழுதிவச்ச காலம். பஸ் சீட்ல உட்கார்ந்தா வரும், கொசு கடிச்சா வரும்னு ஆளாளுக்கு ஒரு ஆராய்ச்சி.

அப்போ தெருவுல அதிகமாக் கேட்ட வார்த்தை "பாவம்". தமிழ்ல இந்த வார்த்தை ஒரு விசித்திரம். கோயில்ல ஐயர் சொன்னா அது செஞ்ச குத்தம். தெருவுல ஆச்சி சொன்னா அது அனுதாபம். (எங்க பக்கம் சர்ச்சைக் கோயில்னும் பாதிரியாரை ஐயர்னும்தான் சொல்வோம். குழம்பிக்காதீங்க.) டிரைவர் அண்ணாச்சி விஷயத்துல ரெண்டு அர்த்தமும் ஒரே மூச்சுல வந்தது. "பாவம், என்ன செய்ய... செஞ்ச பாவம்லா." சொல்லிட்டு முறத்தை எடுத்துக்கிட்டு உள்ளே போயிடுவாங்க. "ஐயோ பாவம்" வாசற்படியிலேயே நின்னுடும். அதுக்குக் காலும் இல்ல, கையும் இல்ல.

பிரச்சினை நற்கருணையில வந்தது. தெரியாதவங்களுக்காக: மாசம் ஒரு ஞாயிறு எங்க கோயில்ல நற்கருணை ஆராதனை இருக்கும். எல்லாரும் பீடத்துக்கு முன்னால வரிசையா முழங்கால் போடுவோம். ஐயர் அப்பத்தைக் கொடுத்துக்கிட்டே வருவார். பின்னாடியே திராட்சரசம், ஒரே பாத்திரத்துல. ஒருத்தர் குடிச்சதும் விளிம்பை வெள்ளைத் துணியால துடைச்சு, லேசாத் திருப்பி, அடுத்தவருக்கு. எல்லாரும் ஒரே பாத்திரத்துல குடிக்கிறோம், ஒரே உடம்பா இருக்கோம் என்பதுதான் அதோட அர்த்தமே.

ஒரு ஞாயிறு டிரைவர் அண்ணாச்சி குடிச்ச பிறகு, பக்கத்துல இருந்தவர் உதட்டை இறுக்கி மூடிக்கிட்டுத் தலையை ஆட்டிட்டார். அடுத்தவரும் அப்படியே. அதுக்கடுத்தவர் எழுந்தே போயிட்டார். ஆராதனை முடிஞ்சதும் நாலு பேர் ஐயர் வீட்டுக்குப் போனாங்க. அவர் நல்ல மனுஷன், ஆனா சண்டைன்னா பயம். டிரைவர் அண்ணாச்சியைத் தனியாக் கூப்பிட்டு, "இனிமே கடைசியில வாங்களேன் தம்பி" என்று சொன்னார். அண்ணாச்சி மறுபேச்சு பேசல. அடுத்த மாசம் ஆம்பளைங்க, பொம்பளைங்க எல்லாரும் போய் வந்த பிறகு, அந்த நீளமான முழங்கால்படியில அவர் மட்டும் தனியா. கோயிலே பார்த்துக்கிட்டிருக்கு. பாத்திரத்துல மிஞ்சுறதை ஐயர்தான் குடிச்சு முடிக்கணும், அது முறை. அவர் குடிச்சார். அதுக்காக அவர் மேல எனக்கு இன்னைக்கும் மரியாதை உண்டு.

அதுக்கடுத்த மாசம், பொம்பளைங்க வரிசை எழுந்தப்போ அம்மா எழுந்திரிக்கல. உடம்பு சரியில்லையோன்னு அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்தா. எல்லாரும் முடிச்சு வந்தாச்சு. டிரைவர் அண்ணாச்சி எழுந்து போனார். அப்போ அம்மா சேலையைத் தலையில இழுத்துவிட்டுக்கிட்டு, பின்னாலேயே போய் பக்கத்துல முழங்கால் போட்டாங்க. எந்தப் பக்கமும் இல்ல, பாத்திரம் அவர்கிட்டேர்ந்து அடுத்ததா எங்க வருமோ அந்தப் பக்கம். அவர் குடிச்சார். ஐயர் துடைச்சுத் திருப்பினார். அம்மா குடிச்சாங்க. எழுந்து வந்து இடத்துல உட்கார்ந்துட்டாங்க. முகத்துல ஒண்ணும் இல்ல, ரேஷன் கடையில சீனி வாங்கிட்டு வந்த மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். "என்ன இப்படிப் பண்ணிட்ட?"

"கடைசியில வரச் சொன்னாக. சரி. ஆனா ஒத்த ஆளு நின்னா அது வரிசையா? வரிசைன்னா ரெண்டு பேராவது வேண்டாமா?" என்று சொல்லிட்டு அம்மா குழம்பைச் சூடு பண்ணப் போயிட்டாங்க.

இதுல ஒண்ணு சொல்லணும். அம்மா குருட்டு தைரியத்துல செய்யல. அதுக்கு முன்னாடியே வேலூர் சி.எம்.சி.யில நர்ஸா இருந்த எங்க சித்திக்கு ஒரு இன்லாண்ட் லெட்டர் போட்டிருந்தாங்க. எச்சில்ல பரவாது, தொட்டாப் பரவாது, ஒரே தட்டுல சாப்பிட்டாலும் பரவாது, ரத்தம்பட்டா மட்டும் கவனமா இரு, கையில வெட்டுக்காயம் இருந்தா உறை போட்டுக்கோன்னு சித்தி ரெண்டு பக்கத்துக்குப் பதில் எழுதியிருந்தாங்க. இரக்கப்படுறவங்க விசாரிக்காம இறங்கணும்னு எந்தச் சட்டமும் இல்லையே.

வேலூர்னு சொன்னதும் ஒரு கிளைக்கதை. இந்தியாவுல ஹெச்.ஐ.வி. முதல்முதலா 1986இல் சென்னையிலதான் கண்டுபிடிக்கப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில டாக்டர் சுனிதி சாலமனும், அவர்கிட்ட படிச்சுக்கிட்டிருந்த டாக்டர் நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரிக்க, அதைச் சோதிச்சது வேலூர்ல. அதே வேலூருக்கு 1946இல் வந்தவர் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர். தொழுநோயில மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் பண்ணி நிமிர்த்த முடியும்னு காட்டினவர். அவர் சொன்ன ஒரு சம்பவம் பிரபலம். ஒரு இளைஞனைப் பரிசோதிச்சுட்டு, தோளில கைபோட்டு, என்ன சிகிச்சைன்னு விளக்கிக்கிட்டிருக்கார். அவன் தேம்பித் தேம்பி அழுறான். ஏதும் தப்பாச் சொல்லிட்டோமோன்னு கூட இருந்தவங்ககிட்ட கேட்டா, அதெல்லாம் இல்ல, பல வருஷமா அவனை யாரும் தொட்டதே இல்ல, நீங்க தொட்டதாலதான் அழுறான்னாங்களாம். தோளில கை வச்சது சிகிச்சைக் கணக்குலயே சேராது.

திரும்ப ஊருக்கு வருவோம். அம்மா செஞ்சதுக்குச் சும்மா விடுவாங்களா? பெண்கள் சங்கக் கூட்டத்துக்கு அம்மா கொண்டுபோன அதிரசத்தை யாரும் தொடல. அம்மா ஒண்ணும் பேசாம டப்பாவை மூடி, அப்படியே டிரைவர் வீட்டுல கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்துட்டாங்க. அப்போ அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டிருந்த நேரம். ஏறக்குறைய முடிஞ்ச ஒரு இடம், "அப்புறம் சொல்றோம்"னு நின்னுபோச்சு. காரணம் அதுதானான்னு யாருக்கும் நிச்சயமாத் தெரியாது. ஆனா அத்தை நடுவீட்டுல உட்கார்ந்து, "ஊர்ச் சீக்கை இழுத்துப் போட்டுக்கிட்டு பிள்ளை வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போடுதியே மதினி"ன்னு ஒரு மூச்சு அழுதாங்க. அத்தை சொன்னதுலயும் நியாயம் இருந்தது. இந்தக் கணக்கு எந்தப் பிரசங்கத்துலயும் வராது. சமாரியன் வீட்டுக்குப் போனப்புறம் அவன் பெண்டாட்டி என்ன சொன்னாளோ!

அக்காதான் கடைசியில, "அந்த மாதிரி பயப்படுறவுக வீட்டுக்கு நான் போனா எனக்குத்தான் கஷ்டம்"னு சொல்லி முடிச்சுவச்சா. ரெண்டு வருஷம் கழிச்சு வேற நல்ல இடத்துல கல்யாணம் நடந்தது. நடக்காமப் போயிருந்தா இந்தக் கதையை நான் வேற மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ.

கடைசி மூணு மாசம் அண்ணாச்சி படுக்கையில. அவர் மனைவிக்கும் அந்த நோய் இருந்தது, ஆனா நடமாட்டமா இருந்தாங்க. சின்னப் பையன் ஒருத்தன், நல்லவேளை அவனுக்கு ஒண்ணும் இல்ல. அப்போ மருந்துன்னு ஒண்ணு இருந்தாலும் அது மாசம் ஆயிரக்கணக்குல செலவு பிடிக்கிற சமாச்சாரம், லாரி டிரைவருக்கு எட்டாது. அதனால செய்யறதுக்கு இருந்ததெல்லாம் கழுவுறது, துடைக்கிறது, கஞ்சி கொடுக்கிறது, கூட உட்கார்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மா போவாங்க. நான் சைக்கிள்ல தூக்குச்சட்டியில கஞ்சி கொண்டுபோவேன். வாயெல்லாம் வெள்ளையாப் புண். ஒரு கரண்டி உள்ளே போக அஞ்சு நிமிஷம் ஆகும்.

அம்மாவைப் புனிதர் மாதிரி நினைச்சுடாதீங்க. "குடிக்க மாட்டேங்காரு, எனக்கென்ன வேற சோலி இல்லையா"ன்னு கத்துவாங்க. சில நாள் வந்து, "இன்னைக்கு நாத்தம் தாங்கல, என்னால முடியலை"ன்னு சொல்லிட்டு, சாப்பிடாமலே படுத்துடுவாங்க. மறுநாள் நாலரை மணிக்குப் பார்த்தா பினாயில் பாட்டிலோட தெருக்கோடியில நடந்து போய்க்கிட்டிருப்பாங்க. இரக்கம்னா எப்பவும் கண்ணுல தண்ணி நிக்கும்னு நினைக்கிறோம். அம்மா விஷயத்துல அது பெரும்பாலும் துவைக்கிற சோடாவும் பழைய பெட்ஷீட்டுமாத்தான் இருந்தது. உருகினது ஒரு நாள்தான் இருக்கும். மத்த நாளெல்லாம் உருகினதுக்கு வட்டி கட்டினது.

1999 பிப்ரவரியில அண்ணாச்சி இறந்துட்டார். அம்மாவும் அவர் மனைவியும் உடம்பைக் கழுவினாங்க. பெட்டி தூக்க ஆள் இல்ல. வழக்கமா வாலிபர் சங்கத்துப் பையன்கள் போட்டி போட்டுத் தூக்குவாங்க. அன்னைக்கு அப்பா, நான், எதிர்க்கடை பாய், அப்புறம் நாமக்கல் பக்கத்துலேர்ந்து தகவல் கேட்டு ராத்திரியோட ராத்திரியா வந்த ரெண்டு லாரி டிரைவர்கள். விபூதி வச்ச ரெண்டு பேரும், தொப்பி போட்ட பாயும், நாங்க ரெண்டு பேரும். ஒரு பக்கம் ஆள் குறைஞ்சதால ஐயரே அங்கியோட வந்து தோள் கொடுத்தார்.

கல்லறைத் தோட்டத்துல சுவரோரமா, ஒரு மூலையில குழி வெட்டணும்னு முந்தின நாள் கமிட்டியில பேச்சு வந்திருக்கு. அங்கதான் எங்க அப்பா வாழ்க்கையிலேயே முதல் தடவையா மேசையைத் தட்டிப் பேசினாராம். என்ன பேசினார்னு இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்ல. குழி வழக்கமான வரிசையில, அடுத்த இடத்துலதான் வெட்டினாங்க.

"கடைசியில வா", "மூலையில புதை" என்பதெல்லாம் எய்ட்ஸோட வந்த யோசனைகள் இல்ல என்பது எனக்குப் பிற்பாடு வாசிச்சப்பதான் தெரிஞ்சது. தமிழ்நாட்டுத் திருச்சபைகளுக்கு இது நல்லாப் பழகின பாடம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல தஞ்சாவூர், வேப்பேரி சபைகளில் மேல்சாதிக்காரங்க தனியா உட்காருவதும், நற்கருணைக்கு முதல்ல வருவதும், மத்தவங்க பின்னால வருவதும் வழக்கமா இருந்தது. இதெல்லாம் கூடாதுன்னு 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பினார். பெரிய கலவரம். பலபேர் சபையை விட்டே வெளியேறினாங்க. கர்த்தரை விட்டாலும் வரிசையை விட மாட்டோம்னு! சாதிக்கு ஒரு கல்லறைத் தோட்டம் வச்சிருக்கிற சபைகள் இன்னைக்கும் இருக்கு. அதனால இரக்கம்தான் கிறிஸ்தவத்தோட நடுநாடின்னு நான் சொல்றப்போ, கிறிஸ்தவங்க எல்லாரும் இரக்கமானவங்கன்னு சொல்றதா எடுத்துக்காதீங்க. நம்ம லட்சணம் தெரியும்.

ஆனா நடுநாடி அதுதான் என்பதுல எனக்குச் சந்தேகம் இல்ல. எதிராளி கொடுத்த சர்டிபிகேட்டே இருக்கு. நாலாம் நூற்றாண்டுல ரோமப் பேரரசன் ஜூலியன், பழைய தெய்வ வழிபாட்டைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபட்டவன், 362இல் தன் பூசாரி ஒருத்தருக்கு எழுதின கடிதத்துல புலம்புறான். இந்தக் கலிலேயர்கள் தங்கள் ஏழைகளுக்கு மட்டுமில்லாம நம்ம ஏழைகளுக்கும் சேர்த்துச் சோறு போடுறாங்க, நமக்கு இது அவமானம் இல்லையான்னு. அவனுக்கு அவங்க தத்துவம் உறுத்தல, சோறுதான் உறுத்துச்சு. மத்தேயு 25ஆம் அதிகாரத்துல வர்ற நியாயத்தீர்ப்புக் காட்சியிலயும் பாருங்க. பசி, தாகம், அந்நியன், உடுப்பில்லாதவன், நோயாளி, சிறையில் இருப்பவன். ஆறே கேள்வி. எத்தனை உபவாசக் கூட்டத்துக்குப் போனேன்னு கேள்வி இல்ல. கத்தோலிக்க நண்பர்கள் இதோட ஏழாவதா இறந்தவர்களை அடக்கம் செய்வதையும் சேர்த்துப்பாங்க. அவங்க பைபிளில் இருக்கும் தோபித்து, ஆபத்தை மீறி அந்த வேலையைச் செஞ்ச ஆள்.

அந்த ஏழாவது எவ்வளவு கஷ்டம்னு 2020 ஏப்ரலில் எல்லாரும் பார்த்தோம். சென்னையில கொரோனாவுல இறந்த ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரை அடக்கம் பண்ண விடாம ஒரு கூட்டம் கல்லும் கட்டையுமா ஆம்புலன்ஸை அடிச்சு நொறுக்கினது. ராத்திரியோட ராத்திரியா அவர் நண்பரான இன்னொரு டாக்டர் போலீஸ் பாதுகாப்போட போய், தானே மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். அந்தச் செய்தியை டி.வி.யில பார்த்துட்டு அம்மா ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அந்தப் புள்ளைக்கு அன்னைக்கு சாப்பாடு யாரு கொடுத்திருப்பா?"ன்னு கேட்டாங்க. மண் தள்ளின டாக்டரைப் பத்தித்தான் கேட்டாங்க.

அம்மா கேள்வி எல்லாமே இந்த ரகம்தான். தினப்படி வாழ்க்கையில அவங்க கிட்ட இருக்கிறது ஒரே ஒரு பழக்கம். வாசல்ல யார் வந்தாலும், கடன் கேட்க வந்தாலும், சோப்பு விக்க வந்தாலும், "முதல்ல உட்காருங்க." பணம் இல்லைன்னா இல்லைன்னு நேராச் சொல்லிடுவாங்க, ஆனா உட்காரவச்சுத்தான். நின்னவாக்குல இல்லைன்னு சொல்றதுக்கும், உட்காரவச்சு இல்லைன்னு சொல்றதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு, வேலை தேடி ஆபீஸ் ஆபீஸா அலைஞ்ச காலத்துல எனக்கு நல்லாவே தெரிஞ்சது. ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தை ஆறு கை சேர்ந்து பிடிச்சுப் போட்டோ எடுக்கிற இந்தக் காலத்துல, வாங்குறவர் எங்க பார்க்கிறதுன்னு தெரியாம நிக்கிற நிலைமையை நினைச்சுப் பாருங்க. அவர் கிட்ட யாரும் உட்காருங்கன்னு சொல்லியிருக்க மாட்டாங்க.

டிரைவர் அண்ணாச்சியோட மனைவி என்ன ஆனாங்கன்னு கேட்பீங்க. 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஹெச்.ஐ.வி. கூட்டு மருந்தை இலவசமாக் கொடுக்க ஆரம்பிச்சப்போ, முதலில் தொடங்கின எட்டு ஆஸ்பத்திரிகளில் தாம்பரம் சானடோரியமும் ஒண்ணு. செய்தியைப் பேப்பர்ல பார்த்து வெட்டி வச்சது அப்பா. நெல்லை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டு முதல் ரெண்டு தடவை கூடப் போனது அம்மா. கொஞ்ச வருஷத்துல மருந்து நம்ம பக்கத்துலயே கிடைக்க ஆரம்பிச்சது. தினமும் மாத்திரை, மத்தபடி நல்லா இருக்காங்க. பையன் வேலைக்குப் போய்க் கல்யாணமும் ஆகிடுச்சு. பத்திரிகை வைக்க வந்தப்போ எங்க அத்தை வீட்டுக்குத்தான் முதல்ல போனான். அத்தை உட்காரவச்சு அதிரசம் கொடுத்தாங்களாம் :)

அம்மாவுக்கு இப்ப எழுபத்தஞ்சு தாண்டிடுச்சு. முழங்கால் போட முடியாது, அதனால கடைசி வரிசையில நாற்காலி. பக்கத்து நாற்காலியில டிரைவர் வீட்டு மதினி. கொரோனாவுக்குப் பிறகு எங்க கோயில்ல பாத்திரத்தை எடுத்து வச்சுட்டாங்க. இப்போ ஆளுக்கொரு குட்டி பிளாஸ்டிக் கிண்ணம், ஒரு மடக்கு திராட்சரசம். சுகாதாரம்தான், ஒத்துக்கிறேன். போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ அம்மா அந்தக் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்துட்டு என் காதுகிட்ட வந்து, "இது என்னல, இருமல் மருந்து குடிக்க மாதிரி?"ன்னாங்க. மதினிக்குச் சிரிப்பை அடக்க முடியல, முந்தானையை வாயில வச்சுக்கிட்டாங்க. முன்வரிசையில இருந்தவங்க திரும்பிப் பார்த்தாங்க.

பி.கு: ஹெச்.ஐ.வி. பரிசோதனை அரசு ஆஸ்பத்திரிகளில் இருக்கும் நம்பிக்கை மையங்களில் இலவசம், விவரத்தை வெளியே சொல்ல மாட்டாங்க. 1097க்குப் போன் பண்ணிச் சந்தேகம் கேட்கலாம், காசு கிடையாது. ஹெச்.ஐ.வி. இருக்குன்னு வேலையிலயோ பள்ளியிலயோ ஒதுக்கிவைக்கக் கூடாதுன்னு 2017இல் வந்த சட்டம் சொல்லுது. கோயில் வரிசை பத்தி அந்தச் சட்டத்துல என்ன இருக்குன்னு வக்கீல் நண்பர்கள் யாராவது சொல்லுங்க.